வேலையைத் தானே செய்யும் குறிப்பேடு: 'ரன்புக்' அமைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் வீட்டில் மேஜை மீது ஒரு சிறு நோட்டு இருக்கும். 'பிரின்டர் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்', 'பென் டிரைவை எப்படிக் கழற்ற வேண்டும்', 'போனிலிருந்து போட்டோக்களை எப்படி மாற்ற வேண்டும்' என்று, விவரம் தெரிந்தவர் சொன்னதை 1, 2, 3 என எண் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். இது மிக நல்ல பழக்கம். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளிலும் இதே போன்ற நோட்டு உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரன்புக்.

இப்போது அந்தக் கம்பெனிகளில் ரன்புக் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. நோட்டில் எழுதியதை ஒருவர் படித்து ஒவ்வொன்றாகச் செய்வதற்குப் பதில், அந்தக் குறிப்பையே கம்ப்யூட்டர் இயக்குகிறது. இதை 'இயங்கும் ரன்புக்' என்று சொல்லலாம். இது என்ன, ஏன் தேவைப்பட்டது, எப்படி அமைக்கிறார்கள் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கூடவே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள நோட்பேடை மட்டும் வைத்து ஒரு சிறிய ரன்புக்கை நீங்களே தயாரிக்கும் வழியையும் தருகிறோம். இதற்கு புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ரன்புக் யாருக்குத் தேவை?

நீங்கள் ரயில் டிக்கெட் எடுக்கும் தளமோ, பணம் அனுப்பும் ஆப்போ, அதை எழுதுபவர்கள் ஒரு பிரிவினர். எழுதியது இரவும் பகலும் நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்பவர்கள் இன்னொரு பிரிவினர். இரண்டாவது பிரிவினரைத்தான் ஆபரேஷன்ஸ் டீம் என்கிறோம். ஒரு சர்வர் நின்றுவிட்டால் மீண்டும் ஓட வைப்பது, டிஸ்க் நிரம்பினால் இடம் உண்டாக்குவது, சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை எல்லா சர்வர்களிலும் ஏற்றுவது, பேக்கப் எடுப்பது ஆகியவை இவர்களது அன்றாட வேலைகள்.

மெயின்ஃபிரேம் காலத்திலேயே ஆபரேட்டர்கள் இப்படிக் குறிப்பேடு வைத்திருந்தார்கள். எந்த வேலைக்கு எந்த டேப்பை மாட்ட வேண்டும், எந்தத் தாளை பிரின்டரில் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் படுத்துவிட்டால், தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருபவர் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று முன்பே யாராவது நிதானமாக யோசித்து எழுதியிருந்தால் வேலை வேகமாக முடியும். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில், இப்படி முன்பே எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துச் செய்யும்போது, அந்த நேரத்தில் தோன்றியபடி செய்வதை விடக் கோளாறைச் சரி செய்வதில் ஏறத்தாழ 3 மடங்கு முன்னேற்றம் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுதி வைத்தால் போதாதா?

போதாது என்பதற்கு இரண்டு பெரிய சம்பவங்கள் சாட்சி.

முதலாவது, அமேசான் நிறுவனத்தின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை. உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் தங்கள் படங்களையும் ஃபைல்களையும் இதில்தான் வைத்திருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று, இதன் பில்லிங் பிரிவு மெதுவாக ஓடியதால், காரணம் கண்டுபிடிக்க ஓர் ஊழியர் சில சர்வர்களை மட்டும் நிறுத்த முயன்றார். அவர் மனம் போன போக்கில் செய்யவில்லை. நடைமுறையில் இருந்த குறிப்பைப் பின்பற்றித்தான் கமாண்ட் கொடுத்தார். ஆனால் கமாண்டில் டைப் செய்த விவரங்களில் ஒன்று தவறாகிவிட்டது. சில சர்வர்களுக்குப் பதில் ஏராளமான சர்வர்கள் நின்றன. சேவை முழுதாகச் சரியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இங்கே கவனிக்க வேண்டியது, குறிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால், 'இத்தனை சர்வர்களை நிறுத்துவது ஆபத்து, நிச்சயமா?' என்று கேட்க அந்தக் குறிப்புக்கு வாய் இல்லை. பிறகு அமேசான் என்ன செய்தது தெரியுமா? சர்வர்களை மெதுவாக மட்டுமே நிறுத்தும்படியும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போக விடாமல் தடுக்கும்படியும் அந்தக் கருவியையே மாற்றி அமைத்தது.

இரண்டாவது, அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம். அதன் பங்கு வர்த்தக சாஃப்ட்வேர் 8 சர்வர்களில் ஓடியது. புதிய பதிப்பை ஏற்றும்போது 7 சர்வர்களில் ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதி அங்கே இல்லை. 2012 ஆகஸ்ட் 1 காலையில் சந்தை திறந்ததும், விடுபட்ட அந்த ஒரு சர்வரில் 2003-க்குப் பிறகு பயன்படுத்தப்படாமல் கிடந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போடத் தொடங்கியது.

கோளாறு எங்கே என்று புரியாமல், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய பதிப்பை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் பின்னர் கணக்கிட்டது. மறு ஆண்டே அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்துடன் இணைய வேண்டியதாயிற்று.

எட்டையும் எண்ணிப் பார்த்து, 'ஏழில்தான் புதிய பதிப்பு இருக்கிறது, ஒன்றில் இல்லை' என்று சொல்வது கம்ப்யூட்டருக்கு நொடி வேலை. மனிதருக்கோ எட்டாவது முறை அதே வேலையைச் செய்யும்போது சலிப்பு வந்துவிடும். இயங்கும் ரன்புக் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

இயங்கும் ரன்புக்கில் என்னென்ன இருக்கும்?

கமாண்டுகளை வரிசையாக எழுதி ஒரே ஃபைலில் போட்டுவிட்டால் அது ரன்புக் ஆகிவிடாது. நல்ல ரன்புக்கில் ஆறு உறுப்புகள் இருக்கும்.

1. முன்சோதனை: வேலையைத் தொடங்கும் முன், இது சரியான சர்வர்தானா, போதுமான இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் தொடங்காமலேயே நின்றுவிட வேண்டும்.

2. செயல்: உண்மையான வேலை. ஒரு படியில் ஒரு வேலை மட்டும்.

3. சரிபார்த்தல்: ஒவ்வொரு படி முடிந்ததும் அது உண்மையில் நடந்ததா என்று பார்ப்பது. கமாண்ட் கொடுத்தாகிவிட்டது என்பதும் வேலை நடந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

4. அனுமதி கேட்டல்: அழிப்பது, நிறுத்துவது போன்ற ஆபத்தான படிகளுக்கு முன் நின்று மனிதரைக் கேட்பது.

5. பதிவு: எந்தப் படி எந்த நேரத்தில் நடந்தது, விளைவு என்ன என்று ஒரு லாக் ஃபைலில் எழுதி வைப்பது.

6. பின்வாங்கும் வழி: பாதியில் தவறாகிவிட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்ற படிகள். நைட் கேப்பிட்டலில் இது இல்லாததால்தான் சரி செய்யப் போனதே கேட்டில் முடிந்தது.

இன்னொரு குணமும் முக்கியம். ஒரு ரன்புக் பாதியில் நின்றுவிட்டால், அதை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாலும் கெடுதல் வரக்கூடாது. ஏற்கெனவே முடிந்த படியைக் கண்டுகொண்டு, 'இது முடிந்துவிட்டது' என்று தாண்டிப் போக வேண்டும்.

எந்தக் கருவிகளில் தயாரிக்கிறார்கள்?

பெரிய டீம்கள் பல கருவிகளைப் பயன்படுத்துகின்றன. 2012-ல் வந்த ஆன்சிபிள் என்ற கருவியில், பல சர்வர்களில் செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக எழுதி ஒரே நேரத்தில் இயக்கலாம். ரன்டெக் என்ற கருவியில் ஒவ்வொரு ரன்புக்கும் ஒரு பட்டன் போல இருக்கும். யார் எந்தப் பட்டனை அழுத்தலாம் என்று அனுமதியும் வகுக்கலாம். ஜூபிட்டர் நோட்புக்கில் விளக்கமும் புரோகிராமும் ஒரே பக்கத்தில் மாறி மாறி இருக்கும். படித்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாக இயக்கலாம். மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகியவற்றின் கிளவுட் சேவைகளில் ரன்புக் என்ற பெயரிலேயே வசதிகள் இருக்கின்றன.

ஆனால் கருவியை வாங்கியவுடன் எல்லாவற்றையும் தானியங்கி ஆக்க முயல்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இருபது படிகளுக்கும் புரோகிராம் எழுதி முடித்தால்தான் பயன் என்று நினைத்தால், அந்த நாள் வருவதே இல்லை. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. 2019-ல் ஒரு பொறியாளர் எழுதிய கட்டுரையால் பரவிய யோசனை இது. 'ஒன்றும் செய்யாத ஸ்கிரிப்ட்' என்று இதற்குப் பெயர்.

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இந்த ஸ்கிரிப்ட், வேலை எதையும் செய்யாது. முதல் படி என்ன என்று ஸ்கிரீனில் காட்டும், நீங்கள் செய்து முடிக்கும் வரை காத்திருக்கும். ஒரு கீயைத் தட்டினால் அடுத்த படியைக் காட்டும். அவ்வளவுதான். ஆனால் இதிலேயே பாதிப் பயன் வந்துவிடுகிறது. எந்தப் படியில் இருக்கிறோம் என்ற குழப்பம் இல்லை, எதுவும் விடுபடுவதில்லை. பிறகு நேரம் கிடைக்கும்போது ஏதாவது ஒரு படியை மட்டும் கம்ப்யூட்டரே செய்யும்படி மாற்றலாம். அடுத்த மாதம் இன்னொன்று. ரன்புக் எந்த நாளிலும் பயன்படும் நிலையிலேயே இருக்கும்.

வீட்டில் செய்து பார்ப்போம்

இதே வழியில் வீட்டுக்கு ஒரு ரன்புக் தயாரிப்போம். எடுத்துக்கொள்ளும் வேலை, மாதம் ஒரு முறை குடும்ப போட்டோக்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுப்பது. கம்ப்யூட்டர் பழுதானால் வேறு வாங்கலாம், குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோவைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே இது விளையாட்டு உதாரணம் அல்ல. இங்கே தரும் வழி விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேலை செய்யும்.

முதலில் ஒரு தாளில் படிகளை எழுதுங்கள்.

1. ஹார்ட் டிஸ்கைச் செருகுதல்.
2. அது 'இ' டிரைவாக வந்திருக்கிறதா என்று பார்த்தல்.
3. போனில் உள்ள புதிய போட்டோக்களைக் கம்ப்யூட்டரின் பிக்சர்ஸ் ஃபோல்டருக்கு மாற்றுதல்.
4. பிக்சர்ஸ் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தல்.
5. காப்பியிலிருந்து மூன்று போட்டோக்களைத் திறந்து பார்த்தல்.
6. ஹார்ட் டிஸ்கை முறைப்படி கழற்றுதல்.
7. தேதியை நோட்டில் எழுதுதல்.

முதல் கட்டம்: ஒன்றும் செய்யாத ரன்புக்

இதற்கு இரண்டே கமாண்டுகள் போதும். ஒன்று எக்கோ, இ-சி-எச்-ஓ என்ற நான்கு எழுத்துகள். இதன் பின்னால் என்ன எழுதினாலும் அதை ஸ்கிரீனில் காட்டும். மற்றது பாஸ், பி-ஏ-யு-எஸ்-இ என்ற ஐந்து எழுத்துகள். நீங்கள் ஒரு கீயைத் தட்டும் வரை காத்திருக்கும்.

நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் @ குறியைப் போட்டு, அதை ஒட்டியே எக்கோ என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஓ-எஃப்-எஃப் என்ற எழுத்துகளை டைப் செய்யுங்கள். நாம் எழுதும் கமாண்டுகளே ஸ்கிரீனில் வந்து குழப்பாமல் இருக்க இந்த வரி. அடுத்த வரியில் எக்கோ, ஓர் இடம், பிறகு தாளில் எழுதிய முதல் படி. அதற்கடுத்த வரியில் பாஸ் மட்டும். இப்படியே ஏழு படிகளுக்கும் ஏழு எக்கோ, ஏழு பாஸ்.

படிகளின் வாசகத்தை ஆங்கிலத்திலோ, தமிழை ஆங்கில எழுத்துகளிலோ எழுதுங்கள். கமாண்ட் விண்டோவில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிவதில்லை. மேலும் எக்கோ வரியில் &, <, >, |, % ஆகிய குறிகளைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றுக்கு கமாண்டில் வேறு அர்த்தங்கள் உண்டு.

இனி சேவ் செய்ய வேண்டும். ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கிளிக் செய்தால் வரும் டயலாக் பாக்ஸில், சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் ஆல் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுத்து, கடைசியில் ஒரு புள்ளியும் பி-ஏ-டி என்ற மூன்று எழுத்துகளும் வரும்படி டைப் செய்து டெஸ்க்டாப்பில் சேவ் செய்யுங்கள். ஆல் ஃபைல்ஸ் தேர்ந்தெடுக்க மறந்தால் நோட்பேட் அதைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகவே சேவ் செய்துவிடக்கூடும்; பிறகு டபுள் கிளிக் செய்தால் இயங்காமல் நோட்பேடிலேயே திறக்கும். இப்படித் தயாரான ஃபைலை பேட்ச் ஃபைல் என்பார்கள்.

இப்போது அதை டபுள் கிளிக் செய்யுங்கள். ஒரு கறுப்பு விண்டோ திறந்து முதல் படியைக் காட்டும். செய்துவிட்டு ஏதாவது ஒரு கீயைத் தட்டுங்கள், அடுத்த படி வரும். உங்கள் முதல் ரன்புக் தயார். ஒரு மாதம் இதையே பயன்படுத்திப் பாருங்கள். எந்தப் படி விடுபட்டிருக்கிறது, எந்த வாசகம் புரியவில்லை என்று தெரியும். ஃபைலின் மீது ரைட் கிளிக் செய்து எடிட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் திருத்தலாம்.

இரண்டாம் கட்டம்: காப்பி செய்வதைக் கம்ப்யூட்டரிடம் விடுதல்

இப்போது நான்காவது படியை மட்டும் மாற்றுவோம். விண்டோஸில் ரோபோகாப்பி என்ற கமாண்ட் உள்ளேயே இருக்கிறது. ஆர்-ஓ-பி-ஓ-சி-ஓ-பி-ஒய் என்று ஒரே சொல்லாக டைப் செய்ய வேண்டும். சாதாரண காப்பி போல் இல்லாமல், ஏற்கெனவே காப்பி ஆகி மாற்றம் இல்லாமல் இருக்கும் ஃபைல்களை இது தாண்டிவிடும். புதியவை, மாறியவை மட்டும் போகும். எனவே பாதியில் கரன்ட் போனாலும் மறுபடி ஓட்டலாம். மேலே சொன்ன 'மறுபடி ஓட்டினாலும் கெடுதல் இல்லை' என்ற குணம் இதற்கு இயல்பாகவே உண்டு.

நான்காவது படியின் எக்கோ வரியையும் அதன் பாஸ் வரியையும் அப்படியே விட்டு, அவற்றுக்குக் கீழே ரோபோகாப்பி வரியை எழுதுங்கள். பிறகு ஓர் இடம் விட்டு, எங்கிருந்து காப்பி செய்ய வேண்டும் என்ற பாதை. மீண்டும் ஓர் இடம் விட்டு, எங்கே காப்பி ஆக வேண்டும் என்ற பாதை. பாதையை நீங்கள் டைப் செய்ய வேண்டாம். பிக்சர்ஸ் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்தால் காப்பி ஆஸ் பாத் என்று இருக்கும். விண்டோஸ் 10-ல் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் தெரியும். அதை கிளிக் செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்தால், மேற்கோள் குறிகளோடு பாதை அப்படியே வந்துவிடும். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பிக்சர்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவ் என்பதற்குள் இருக்கும் என்பதால் இந்த வழியே பாதுகாப்பானது. ஹார்ட் டிஸ்கிலும் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதன் பாதையை இதே போல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதைகளுக்குப் பிறகு, ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் இடம் விட்டு, நான்கு சுவிட்சுகள் சேர்க்க வேண்டும். சுவிட்ச் என்பது / குறியோடு தொடங்கும் கூடுதல் உத்தரவு.

/ குறியும் இ என்ற எழுத்தும்: உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து காப்பி செய்.

/ குறி, ஆர், : குறி, 2: ஒரு ஃபைல் காப்பி ஆகவில்லை என்றால் 2 முறை மட்டும் மீண்டும் முயன்று பார். இதைக் கொடுக்காவிட்டால் ரோபோகாப்பி 10 லட்சம் முறை முயலும்! ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

/ குறி, டபிள்யூ, : குறி, 5: முயற்சிகளுக்கு நடுவே 5 நொடி மட்டும் காத்திரு.

/ குறியும் எல் என்ற எழுத்தும்: எதையும் காப்பி செய்யாதே, என்னென்ன செய்யப் போகிறாய் என்று பட்டியல் மட்டும் காட்டு.

இந்தக் கடைசி சுவிட்ச்தான் ஒத்திகை. பெரிய டீம்களும் எந்த ரன்புக்கையும் முதலில் இப்படி ஒத்திகையாக ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையில் ஓட்டுவார்கள். ஓட்டிப் பார்த்து, பட்டியலில் உங்கள் போட்டோக்களின் பெயர்கள்தான் வருகின்றன என்று உறுதியானதும் அந்த சுவிட்சை மட்டும் நீக்கிவிடுங்கள். அடுத்த முறை உண்மையாகவே காப்பி ஆகும்.

எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்களில் / குறியோடு எம்-ஐ-ஆர் என்ற சுவிட்ச் இருக்கும். மூலத்தில் இல்லாத ஃபைல்களை பேக்கப்பிலிருந்தும் அழித்துவிடும் உத்தரவு அது. கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ ஆல்பத்தைக் கைதவறி அழித்திருந்தால், பேக்கப்பில் இருந்த ஒரே நகலும் போய்விடும். நாம் செய்யும் வேலைக்கு அது தேவையில்லை.

மூன்றாம் கட்டம்: சரியான டிஸ்க்தானா?

இன்று 'இ' டிரைவாக வந்த ஹார்ட் டிஸ்க், நாளை வேறு ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால் 'எஃப்' ஆக வரலாம். தவறான இடத்தில் வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு கிட்லேப் நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

கிட்லேப், புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம். 2017 ஜனவரி 31 இரவு, அதன் இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் கோளாறு. அதில் உள்ளதை அழித்துவிட்டு முதல் சர்வரிலிருந்து புதிதாக நகல் எடுக்க ஒரு பொறியாளர் முயன்றார். ஆனால் அழிக்கும் கமாண்டை அவர் கொடுத்தது முதல் சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால், அன்றாட பேக்கப் புரோகிராம் பதிப்பு பொருந்தாததால் ஓடாமலேயே இருந்திருக்கிறது. ஓடவில்லை என்று எச்சரிக்கும் இமெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். பிறகு அவர்கள் திட்டமிட்ட மாற்றங்களில் ஒன்று, எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது கமாண்ட் ஸ்கிரீனிலேயே தெளிவாகத் தெரியும்படி செய்வது.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள். ஒன்று, இடத்தைச் சோதித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். இரண்டு, பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும்.

முதல் பாடத்துக்கு ஒரு எளிய ஏற்பாடு. ஹார்ட் டிஸ்கில் ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைல் உண்டாக்கி, வேறு எங்கும் இல்லாத பெயராகக் கொடுங்கள். இது நம் டிஸ்கின் அடையாளம். பேட்ச் ஃபைலில் ரோபோகாப்பி வரிக்கு முன்னால், இஃப் நாட் எக்ஸிஸ்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும், அடையாள ஃபைலின் பாதையையும், கோடு என்ற கமாண்டையும், ஸ்டாப் என்ற சொல்லையும் இடம் விட்டு வரிசையாக ஒரே வரியில் எழுதுங்கள். கோடு என்பது ஜி-ஓ-டி-ஓ என்ற நான்கு எழுத்துகள். 'இந்த ஃபைல் இல்லையென்றால் ஸ்டாப் என்ற இடத்துக்குப் போ' என்பது இதன் பொருள்.

பிறகு ஃபைலின் கடைசியில், ஏழாவது படிக்குக் கீழே, எக்ஸிட் என்று ஒரு வரி. அதற்குக் கீழே : குறியை ஒட்டி ஸ்டாப் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, 'நின்றுவிட்டது, டிஸ்கைப் பார்' என்ற பொருளில் ஓர் எக்கோ வரியும் ஒரு பாஸும். இனி வேறு டிஸ்கைச் செருகினால் ரன்புக் காப்பி செய்யாமல் நின்று உங்களுக்குச் சொல்லும்.

இன்னொரு சோதனையும் சேர்க்கலாம். பேட்ச் ஃபைலில் ஒரு வரி தோற்றுப்போனாலும் விண்டோஸ் கவலைப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். நிற்க வேண்டும் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். ரோபோகாப்பி முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் காப்பி செய்யப் புதிதாக எதுவும் இல்லை; 1 என்றால் காப்பி நன்றாக நடந்தது; 8 அல்லது அதற்கு மேல் என்றால் சில ஃபைல்கள் காப்பி ஆகவில்லை. எனவே ரோபோகாப்பி வரிக்கு அடுத்த வரியிலேயே இஃப், எரர்லெவல், 8, கோடு, ஸ்டாப் என்று இடம் விட்டு எழுதினால் போதும். எரர்லெவல் என்பது நடுவில் இடம் இல்லாத ஒரே சொல். அந்த எண் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரன்புக் நின்றுவிடும்.

மனிதருக்கு விட வேண்டியவை

எல்லாப் படிகளையும் தானியங்கி ஆக்க வேண்டும் என்பதில்லை. ஐந்தாவது படியான 'மூன்று போட்டோக்களைத் திறந்து பார்த்தல்' உங்கள் கண்ணுக்கே உரிய வேலை. ஃபைல் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதில் பாட்டி சிரிப்பது தெரிகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெரிய டீம்களிலும் ஆபத்தான முடிவுகளை இப்படி மனிதரிடமே விட்டுவைக்கிறார்கள்.

சோதனைகளும் தவறலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் பல மணி நேரம் நின்றது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கமாண்ட் அந்நிறுவனத்தின் டேட்டா சென்டர்களுக்கு இடையேயான இணைப்பைத் துண்டித்துவிட்டது. இத்தகைய கமாண்டுகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சோதனைக் கருவி இருந்தது. அந்தக் கருவியிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. கோளாறைச் சரி செய்யும் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

எனவே உங்கள் சோதனைகளையும் சோதியுங்கள். ஒரு முறை வேண்டுமென்றே ஹார்ட் டிஸ்கைச் செருகாமல் ரன்புக்கை ஓட்டுங்கள். ஸ்டாப் வாசகம் வருகிறதா? வந்தால்தான் அதை நம்பலாம். மேலும், ரன்புக்கின் நகல் ஒன்றைப் பிரின்ட் எடுத்து நோட்டில் ஒட்டி வையுங்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போன நாளில், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குறிப்பு உதவாது.

கவனிக்க வேண்டியவை

* பேட்ச் ஃபைலுக்கு ரோபோகாப்பி என்றே பெயர் வைக்க வேண்டாம். அது கமாண்டை அழைப்பதற்குப் பதில் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கும்.

* ரன்புக்கில் பாஸ்வேர்டை எழுத வேண்டாம். யார் வேண்டுமானாலும் நோட்பேடில் திறந்து படித்துவிடலாம்.

* இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ பிறர் அனுப்பும் பேட்ச் ஃபைல்களை டபுள் கிளிக் செய்யாதீர்கள். நமக்கு உதவும் அதே வசதி, வைரஸ் எழுதுபவருக்கும் உதவும். முதலில் நோட்பேடில் திறந்து படித்து, ஒவ்வொரு வரியும் புரிந்தால் மட்டும் இயக்குங்கள்.

* புதிய கம்ப்யூட்டரோ புதிய டிஸ்கோ வாங்கினால் பாதைகள் மாறும். / குறியும் எல் எழுத்தும் கொண்ட ஒத்திகை சுவிட்சை மீண்டும் சேர்த்து ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

* கடைசியாகத் திருத்திய தேதியை ரன்புக்கின் முதல் எக்கோ வரியில் எழுதி வையுங்கள். பழைய குறிப்பைப் புதியது என்று நம்புவது, குறிப்பே இல்லாததை விட மோசம்.

வீட்டில் வேறு யாராவது இந்த பேக்கப்பை எடுக்க வேண்டி வந்தால், உங்களுக்குப் போன் செய்து கேட்காமல் டபுள் கிளிக் செய்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் ரன்புக் நன்றாக அமைந்திருக்கிறது. முடியவில்லை என்றால் அவர் எந்தப் படியில் தயங்கினாரோ அந்தப் படியைத் திருத்துங்கள். ஆபரேஷன்ஸ் டீம்களும் தங்கள் ரன்புக்கை இப்படித்தான் மெருகேற்றுகின்றன.